கடைத்தெரு அரைவைக்கடையைக் காலி செய்யச் சொல்கிறார்கள், எங்களுக்கு ஏதாவது பாதுகாப்பு உண்டா?

அரைவைக்கடை மகள் (ஜார்ஜ்டவுன்) கேட்கிறார்:

வணக்கம். பினாங்கில் நம்மவர்கள் கடைத்தெரு என்று சொல்லும் லெபோ பாசாரை ஒட்டிய சந்தில் எங்கள் மசாலா அரைவைக்கடை இருக்கிறது. தாத்தா தொடங்கியது. அப்பாவுக்குப் பிறகு அண்ணனும் நானும் பார்க்கிறோம். கடைவீடு போன வருடம் கைமாறியது. புது உரிமையாளரின் முகவர் சென்ற செவ்வாய்க்கிழமை ஒரு கடிதம் கொண்டுவந்து கொடுத்தார். மூன்று மாதத்தில் காலி செய்ய வேண்டும். இருக்கவேண்டும் என்றால் வாடகை 1,900 வெள்ளியிலிருந்து (மலேசிய ரிங்கிட்) 5,500 வெள்ளி. மேல்மாடியையும் சேர்த்துத் தங்கும் விடுதி ஆக்கப் போகிறார்கள் என்று எதிர்க்கடைப் பூக்கார அக்கா சொல்கிறார்.

2008 ஜூலை 7-ஆம் தேதி ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தபோது, கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் அப்பா லட்டு கொடுத்தார். "இனிமேல் நம்மை யாரும் எழுப்ப முடியாது" என்றார். நாங்களும் அப்படித்தான் நம்பினோம். இந்தக் கடிதம் வந்த பிறகுதான் நாலு பேரிடம் விசாரித்தேன். முகப்பை இடிக்க முடியாதாம், ஜன்னல் பலகையைக் கண்டபடி மாற்ற முடியாதாம், 18 மீட்டருக்கு மேல் கட்ட முடியாதாம். சரி, உள்ளே ஐம்பது வருடமாக இருப்பவர்களை மாற்றலாமா என்றால், அதைத் தடுக்க ஒன்றும் இல்லை என்கிறார்கள்.

இது எங்களுக்கு இரண்டாவது தடவை. 1966-ஆம் வருட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை 1997-இல் ரத்து செய்தார்கள். 1999 டிசம்பரோடு அவகாசம் முடிந்தது. அப்போது நான் படிவம் மூன்றில் (ஒன்பதாம் வகுப்பு) படித்துக்கொண்டிருந்தேன். 140 வெள்ளி வாடகை ஒரே கடிதத்தில் 800 ஆனது. அம்மா சங்கிலியை அடகு வைத்தார், நாங்கள் தங்கினோம். எங்கள் வரிசையில் புத்தகம் பைண்டிங் செய்தவரும், குடை ரிப்பேர் செய்த சீனத் தாத்தாவும், இஸ்திரிக் கடைக்காரரும் அந்த வருடமே போய்விட்டார்கள். அந்த மூன்று கடைகளில் ஒன்று பத்து வருடம் பூட்டியே கிடந்தது.

வேறு இடம் பார்த்துக்கொள்ளலாமே என்று சிலர் சொல்வார்கள். அதனால் எங்கள் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அரைவை இயந்திரம் தரையில் போல்ட் போட்டு இறுக்கியது. மூன்று ஃபேஸ் மின்சாரம் வேண்டும். மிளகாய் நெடியும் சத்தமும் இருக்கும், தாமான் (புதிய குடியிருப்புப் பகுதி) கடைவீட்டில் அக்கம்பக்கத்தார் ஒரு வாரம் பொறுக்க மாட்டார்கள். எல்லாவற்றையும்விட, எங்களிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. தாத்தா ஆரம்பித்தது, இப்போது ஓடுவது நாலாவது நோட்டு. ஒவ்வொரு வாடிக்கையாளரின் கணக்கும் அதில் இருக்கும். யாருக்கு மல்லி எத்தனை பங்கு, யாருக்குச் சோம்பை வறுக்காமல் போடவேண்டும், யாருக்கு அரைத்ததும் ஆறவிட்டு ஒரு தடவை சலிக்கவேண்டும் என்று எல்லாம். நாசி கண்டார் (சோறும் பலவகைக் குழம்பும்) கடைக்காரர் ஒருவர் இறந்து பதினொரு வருடம் ஆகிறது. அவர் மகன் இன்றைக்கும் "அத்தா கணக்குல அரைச்சுக் குடுங்க அக்கா" என்றுதான் கேட்பார். நோன்யா (மலாய்ப் பழக்கங்கள் கலந்த சீன வம்சாவளி) பாட்டி ஒருவர் மிளகாயைத் தானே வெயிலில் காயவைத்து, பஸ் ஏறிக் கொண்டுவருவார். அவரால் தீவின் தெற்கே இருக்கும் பாயான் லெப்பாஸ் வரைக்கும் வர முடியுமா?

எங்களிடம் எழுத்தில் ஒப்பந்தம் கிடையாது. பழைய உரிமையாளர் குடும்பத்தோடு வாய்ப்பேச்சுதான், மாதாமாதம் ரசீது உண்டு. புது உரிமையாளரும் ஏழு மாதமாக வாடகை வாங்கியிருக்கிறார். திடீரென்று ஒருநாள் பூட்டுப் போட்டுவிடுவார்களா? யாரிடம் முறையிடுவது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

வழக்கறிஞர் அலுவலகக் குமாஸ்தா (பட்டர்வொர்த்):

தங்கச்சி, சாவியை மட்டும் யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். வாடகை முடிந்துவிட்டது என்றாலும், உள்ளே இருப்பவரை நீதிமன்ற உத்தரவு இல்லாமல் உரிமையாளர் தானாக வெளியேற்ற முடியாது. 1950-ஆம் வருடக் குறிப்பிட்ட நிவாரணச் சட்டம், பிரிவு 7(2). பூட்டை மாற்றினாலோ மின்சாரத்தைத் துண்டித்தாலோ உடனே போலீஸ் புகார் எழுதி, அந்த நகலோடு வழக்கறிஞரிடம் போங்கள்.

ஆனால் இதை நம்பி உட்கார்ந்துவிடவும் கூடாது. மாத வாடகைக்கு வழக்கமாக ஒரு மாத நோட்டீஸே போதும், உங்களுக்கு மூன்று மாதம் கொடுத்திருக்கிறார்கள். கெடு முடிந்தும் இருந்தால் 1956-ஆம் வருட சிவில் சட்டத்தின்படி இரட்டிப்பு வாடகை கேட்கலாம். கேட்டு வாங்கியவர்களை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

நம் ஆட்கள் நிறைய பேருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. மூன்று வருடம் வரைக்குமான வாடகை வாய்ப்பேச்சாக இருந்தாலும் செல்லும். ஆனால் நிலப்பட்டாவில் அதைக் குறிப்பாகப் பதியாவிட்டால், அந்த இடத்தை வாங்குகிற அடுத்த ஆளை அது கட்டுப்படுத்தாது. தேசிய நிலச் சட்டத்திலேயே இதற்கு வழி இருக்கிறது, நில அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும், பட்டா உரிமையாளர் கையில் இருப்பதால் அவர் ஒத்துழைக்க வேண்டும். மூன்று வருடத்துக்கு மேல் என்றால் குத்தகையாகவே பதிவு செய்ய வேண்டும். உங்கள் தாத்தா காலத்தில் இதைச் செய்திருந்தால் என்று இப்போது சொல்லிப் பயனில்லை. இனி எந்தப் பேச்சு நடந்தாலும் எழுதி, முத்திரை அடித்து, பட்டாவிலும் குறிக்கச் சொல்லுங்கள். ஏழு மாத ரசீதையும் படம் எடுத்து வையுங்கள். புதியவர் உங்களை வாடகைக்காரராக ஏற்றுக்கொண்டார் என்பதற்கு அதுதான் சாட்சி.

மஸ்ஜித் இந்தியா துணிக்கடைக்காரர் (கோலாலம்பூர்):

என் மாமா அம்பாங் பார்க்கில் தையல் கடை வைத்திருந்தார். கோலாலம்பூரின் முதல் பேரங்காடி அது, 1973-இல் திறந்தது. எம்ஆர்டி (நகர ரயில்) நிலையத்துக்காக நிலத்தை எடுத்தார்கள். கடைகளுக்குத் தனித்தனி உரிமையாளர்கள் இருந்தார்கள், நீதிமன்றம் வரைக்கும் போய்ப் போராடினார்கள். தோற்றார்கள். 2017 கடைசியில் மூடி, அடுத்த வருடம் இடித்தார்கள். அரசாங்கம் நிலம் எடுக்கும்போது வாடகைக்காரரும் இழப்பீடு கேட்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் வாடகை உரிமை இருந்தது என்று காட்டக் காகிதம் வேண்டுமே. மாமாவிடம் ஒன்றும் இல்லை. இரண்டு தையல் மெஷினை லாரியில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார், அவ்வளவுதான். குமாஸ்தா அண்ணன் சொல்வதைத் தட்டாமல் கேளுங்கள்.

இங்கே கோலாலம்பூரில் பாசார் செனி (சென்ட்ரல் மார்க்கெட்) கட்டடத்தைப் பாருங்கள். 1888-இல் சந்தையாகத் தொடங்கிய இடம், இப்போதைய கட்டடம் 1937-இல் கட்டியது. இடிக்க இருந்ததைப் போராடி நிறுத்தினார்கள், நல்ல காரியம். எண்பதுகளில் கைவினைப் பொருள் சந்தையாக மாற்றித் திறந்தார்கள். கட்டடம் பிழைத்தது. அங்கே மீனும் காய்கறியும் விற்றவர்கள் எங்கே? உங்கள் தெருவுக்கு அந்த நிலை வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

கடைவீட்டுக்காரர் வாரிசு (ஜார்ஜ்டவுன்):

உரிமையாளர் பக்கத்திலிருந்தும் ஒருவர் பேச வேண்டும் என்பதால் எழுதுகிறேன். எங்கள் குடும்பத்துக்கு ஒரு கடைவீடு உண்டு. வாடகைக் கட்டுப்பாடு இருந்தவரை வந்த பணம் ஓடு மாற்றக்கூடக் காணாது. இந்தச் செங்கல் சுவர்களுக்குச் சிமெண்ட் பூசக் கூடாது, சுண்ணாம்புதான் பூச வேண்டும். சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு செங்கல் உப்புப் பூத்து உதிரும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரும் குறைவு, பழைய மாதிரி ஓடும் விலை அதிகம். 5,500 கேட்பவர் எல்லாரும் பேராசைக்காரர் இல்லை.

அதனால் சண்டையாகப் போகாமல் கணக்கோடு போங்கள். விடுதியாக மாற்றத் திட்டமிடல் அனுமதி வாங்க வேண்டும். வரைபடம், மாநகர் மன்றம் என்று அதற்கு நாள் பிடிக்கும், அதுவரை காலிக் கடை ஒரு காசு தராது. கீழ்த்தளத்தில் நீங்கள் இருங்கள், மேல்மாடியை அவர் எடுத்துக்கொள்ளட்டும். பின்சுவர், வயரிங் செலவை நீங்கள் ஏற்பதாகச் சொல்லி, அதற்கு ஈடாக மூன்று வருடம், பிறகு இன்னொரு மூன்று வருடம் கேளுங்கள். நாங்கள் எங்கள் மூங்கில் கூடைக் கடைக்காரரோடு அப்படித்தான் முடித்தோம். வாடகை ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் ஏறும், இரண்டு பக்கமும் தாங்குகிறது.

ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரிய நிறுவனத்துக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். பட்டியலில் சேர்த்ததற்கான காரணங்களில் ஒன்றாக, ஆசியாவின் பல்லினப் பண்பாட்டுக்கு உயிருள்ள சான்று என்று யுனெஸ்கோவே சொல்லியிருக்கிறது. அந்த வரியை மேலே போட்டு, உங்கள் நோட்டுப் புத்தகத்தின் நாலு பக்கங்களைப் படம் எடுத்து இணையுங்கள். கணக்கு தெரியாதபடி மறைத்துவிட்டு, பாவம் அது அவரவர் தொழில் ரகசியம்.

அரைவைக்கடை மகள்:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து வந்து எழுதுகிறேன்.

முகவரை விட்டுவிட்டு உரிமையாளரையே நேரில் பார்த்தோம். நான் நினைத்ததைவிட வயதானவர். கடை எப்படி ஓடுகிறது என்று அவருக்கு யாருமே சொன்னதில்லையாம். காலை ஒன்பது மணிக்கு வரச் சொன்னேன், வந்தார். இயந்திரம் ஓடும்போது அஞ்சடியில் (கடை முன் நடைபாதையில்) நின்று முக்கால் மணி நேரம் பார்த்தார், தும்மிக்கொண்டே. விடுதித் திட்டத்தை அவர் கைவிடவில்லை. ஆனால் கீழ்த்தளத்தைத் தனியாக வைப்பது பற்றி வரைபடக்காரரிடம் கேட்பதாகச் சொன்னார். வாடகை 3,200-இல் ஆரம்பித்து ஏறுவது, மூன்று வருடம், பிறகு இன்னும் மூன்று என்று கேட்டிருக்கிறோம். பட்டாவில் குறிப்பது என்றதும் கொஞ்சம் யோசித்தார். அதை விடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். 3,200 எங்களுக்குச் சுலபம் இல்லை. அண்ணன் இரவு மறுபடியும் மறுபடியும் கூட்டிப் பார்க்கிறார்.

பாரம்பரிய நிறுவனத்துக்குக் கடிதம் தயார். நாசி கண்டார் கடைகள் நாலு, கோயில் மடப்பள்ளி ஒன்று, நோன்யா பாட்டி என்று இதுவரை முப்பத்தொரு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பாட்டி சீனத்தில் போட்டார்.

கடைவீட்டுக்காரர் வாரிசு அவர்களுக்கு ஒரு கேள்வி. எங்கள் பின்சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஈரம் ஏறியிருக்கிறது. எப்போதோ யாரோ சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். அதைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு பூச எத்தனை நாள் ஆகும், அந்த நாட்களில் கடையைத் திறந்து வைக்க முடியுமா? உங்கள் கொத்தனாரை ஒரு தடவை வந்து பார்க்கச் சொல்ல முடியுமா?