முகத்துவாரத்தில் மாட்டிய கொடுவா: உங்களுக்கும் இப்படி நடந்ததுண்டா?

ஆற்றங்கரையான்:
வைகை கடலில் சேருவது எங்கள் ஊரில். சேருகிறது என்பது ஒரு பேச்சுக்குத்தான். ராமநாதபுரம் பெரிய கண்மாய் நிறைந்து மறுகால் போனால்தான் இங்கே ஆற்றுத் தண்ணீரைப் பார்க்கலாம். அது வராத ஒரு வருஷம், சித்திரை வெயில், முகத்துவாரம் மணல் மேவிக் கிடந்தது. உள்ளே முழங்கால் தண்ணீர், காலை வைத்தால் சுடுகிறது. அதில் ஒரு கொடுவா மீன், மூன்று கிலோ தேறும், மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடியது. மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் இருபது எட்டில் கடல். தூக்கிப் போட்டிருந்தால் பிழைத்திருக்குமோ என்னவோ. சித்தப்பா "பிடிடா" என்றார், பிடித்துவிட்டேன். துள்ளவே இல்லை. கொடுவா துள்ளாமல் கைக்கு வந்து பார்த்திருக்கிறீர்களா?

பாம்பன் வல்லம்:
ஆற்றையே குறை சொல்லாதீர்கள் தம்பி. கொல்வதென்றால் கடலே போதும். 2019 செப்டம்பரில் பூங்கோரை என்கிற பாசி கடலில் வந்ததே, அப்போது தெற்குவாடிப் பக்கம் இருந்தேன். ராத்திரி துடுப்பு பட்ட இடமெல்லாம் நீலமாக மின்னியது, அழகாகத்தான் இருந்தது. விடிந்து பார்த்தால் தண்ணீர் அரைத்த மருதாணி. ஓராவும் விலாங்கும் செத்து ஒதுங்கின. ஒன்றின் செவுளை விரித்தேன். சிவப்பே இல்லை, பச்சைக் கொழகொழப்பு. யாரோ விஷம் கலந்துவிட்டார்கள் என்று ஊரே பேசியது. அந்தப் பாசி பெருகி அழுகும்போது தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்துபோய் மீன் மூச்சுமுட்டிச் சாகிறது, அவ்வளவுதான்.

தேவிபட்டினம், இப்போது வான்கூவர்:
இரண்டு பேரும் சண்டை போடவே வேண்டாம். சால்மனுக்கு ஆறும் எமன், கடலும் எமன். (நம் ஊர்க் கடையில் காலாவைச் சால்மன் என்று விற்கிறார்களே, அது இல்லை. காலாவுக்குத் தொண்டைக்குக் கீழே நூல் நூலாகத் தொங்கும்.) ஃபிரேசர் ஆற்றில் ஒரு சிவந்த சால்மன், கைக்கெட்டும் தூரத்தில், எதிர்நீச்சல் போட்டுப் போட்டு அப்படியே பின்னோக்கிப் போனது. அவ்வளவுதான் என் கதை. ஆற்றின் சூடு 20 டிகிரியை நெருங்கினாலே ஏறுகிற மீன் தளர்ந்துவிடும். 2014 முதல் 2016 வரை வட பசிபிக்கில் வெந்நீர்த் திட்டு ஒன்று நின்றதே, அப்போது கொழுப்புள்ள மிதவை உயிர்கள் குறைந்து, கடலுக்கு வந்த இளமீனுக்குச் சத்தான தீனி இல்லை. கொடுவா இதற்கு நேரெதிர். சால்மன் ஆற்றில் பிறந்து கடலில் வளரும். கொடுவா முகத்துவாரத்து உப்புநீரில் பிறந்து, குஞ்சு உள்ளே ஏறி வளர்ந்து, முட்டையிட மறுபடி இறங்கும். வாசல் அடைபட்டால் போக்கும் இல்லை, வரத்தும் இல்லை. அதனால் நீங்கள் செய்ய வேண்டியது, ஊர் சேர்ந்து ஒரு ஜேசிபி பிடித்து வருஷா வருஷம் பங்குனியில் வெட்டிவிடுங்கள். ஆளுக்கு நூறு ரூபாய் போட்டாலே போதும். முதலில் ஒரு குழு, அப்புறம் ஒரு மனு...

உச்சிப்புளி மருமகள்:
அண்ணே, வெட்டிப் பார்த்தாயிற்று. ஒரு வாரம்கூட நிற்கவில்லை. உள்ளிருந்து தள்ள ஆற்றுத் தண்ணீர் இல்லாவிட்டால், கடல் கொண்டுவந்து போடுகிற மணலை யார் வெளியேற்றுவது? வாடகை கொடுத்ததுதான் மிச்சம். மனுவை நீங்களே வந்து எழுதிக் கொடுங்கள். ஆற்றங்கரைத் தம்பி, அந்தக் கொடுவாவில் சினை இருந்ததா?

ஆற்றங்கரையான்:
மூன்று கிலோதானே அக்கா, ஆணாகத்தான் இருந்திருக்கும். கொடுவா நன்றாக வளர்ந்த பிறகுதான் பெட்டையாக மாறும். ஆனால் வயிற்றைக் கிழித்தது சித்தி. நான் அந்தப் பக்கமே போகவில்லை.