கலர் இலைக் கண்டு கருகுது, ஆராவது கெதியாச் சொல்லுங்கோ

கிளிநொச்சிப்பிள்ளை:
வணக்கம். அம்மா பேராதனைக்கு கிளினிக் போய் வரேக்கை ஆசைப்பட்டு வாங்கிக்கொண்டு வந்த கண்டு. வரேக்கை பச்சையும் றோசாவுமா மினுங்கினது. 2 மாசத்திலை ஓரமெல்லாம் மண்ணிறமாக் கருகி, இலை குழல் மாதிரிச் சுருளுது. தண்ணி ஒழுங்கா விடுறன், வெயில் படுறேல்லை. அம்மா விடிய எழும்பினால் முதல் அதைத்தான் பாக்கிறா. என்ன செய்யிறது?

மாங்குளத்தான்:
என்ன கண்டு? படம் போடுங்கோ. சாடியிலையோ நிலத்திலையோ?

பூந்தோட்டத்தக்கா:
தங்கச்சி, இது கலேடியம்தான். அதுக்கு அடியிலை கிழங்கு இருக்கும். கோடையிலை இலையை விழுத்திப்போட்டுக் கிழங்கு உறங்கும். தண்ணியை நிப்பாட்டி விடுங்கோ, மாரிக்கு முளைக்கும். என்ரை வீட்டிலை 6 வருசமா அப்பிடித்தான்.

வயல்கரை:
பசளை காணாது. ஒரு தேக்கரண்டி யூரியா கரைச்சு விட்டுப் பாருங்கோ.

பழையவாத்தி:
கருகிற கண்டுக்கு யூரியாவோ? இன்னும் உப்பைக் கூட்டப் போறியள். எத்தினை தரம் இங்கை எழுதிப்போட்டன், ஒருத்தரும் பழசை வாசிக்கிறேல்லை. கண்டின்ரை பேர், சாடி நிக்கிற இடம், விடுற தண்ணி, இந்த மூண்டையும் சொல்லாமல் கேள்வி கேட்டால் ஆர்தான் பதில் சொல்லுறது? பிள்ளை, ராவிலை இலை மேலை எழும்பிக் கூம்புதோ? இலையின்ரை அடிப்பக்கம் என்ன நிறம்?

கிளிநொச்சிப்பிள்ளை:
ஓம் ஐயா, ராவிலை கும்பிடுற மாதிரி நிக்கும். அடிப்பக்கம் கடும் ஊதா. சாடி முன் விறாந்தையிலை. கிணத்துத் தண்ணிதான், வேறை என்ன?

பழையவாத்தி:
அப்ப கலேடியம் இல்லை. கலாத்தியா. அக்கா சொன்னபடி தண்ணியை நிப்பாட்டினால் செத்திடும். அமெரிக்கக் கண்டத்து வெப்பமண்டல மழைக்காடுகளிலை, பெரிய மரங்களுக்குக் கீழை ஈரக்காத்திலை வளர்ற இனம். எங்கடை கூவைக்கிழங்கின்ரை குடும்பம். காம்பு இலையோடை சேர்ற இடத்திலை சின்ன வீக்கம் ஒண்டு இருக்கும். அதுக்குள்ளை நீர் ஏறி இறங்கத்தான் இலை கூம்பி விரியுது. இன்னும் கூம்புது எண்டால் பயப்பிடாதேங்கோ, கண்டிலை உயிர் இருக்கு. உங்கடை கேத்தல் அடியிலை வெள்ளைப் படை பிடிக்கிறதோ?

கிளிநொச்சிப்பிள்ளை:
தடிப்பாப் பிடிக்கும். சவுக்காரமும் நுரைக்காது.

பழையவாத்தி:
அதுதான் வருத்தம். வேர் தண்ணியோடை உப்பையும் இழுக்கும். தண்ணி ஆவியாப் போயிடும், உப்பு இலை விளிம்பிலை தங்கி எரிக்கும். கொதிக்க வைச்சு ஆத்தினால் சுண்ணாம்பிலை ஒரு பங்கு படியும், மற்ற உப்பெல்லாம் அப்பிடியே நிக்கும். மழைத்தண்ணி விடுங்கோ.

மாங்குளத்தான்:
ஐயா, இது ஆடி மாசம். வன்னியிலை மழைத்தண்ணிக்கு எங்கை போறது? ஆர்.ஓ. தண்ணி, அதுதான் மெசினிலை உப்பு வடிச்சு விக்கிற குடிதண்ணி, வாங்கி விடட்டும். ஒரு சாடிக்கு எவ்வளவு முடியப் போகுது?

செட்டிகுளம்:
குடிக்கிற தண்ணிக்கே சனம் கானோடை அலையுது. கிட்னி வருத்தத்துக்குப் பயந்து நாங்கள் காசு குடுத்து வாங்கிற தண்ணியைப் பூக்கண்டுக்கு ஊத்தச் சொல்லுறியள். மனம் வருமோ?

பூந்தோட்டத்தக்கா:
தம்பி, வருத்தக்காரத் தாய் ஆசையா வாங்கின கண்டு. அரை லீற்றர் தண்ணியாலை ஆற்றையும் குடி கெடாது.

செட்டிகுளம்:
அக்கா, கண்டை விடச் சொல்லேல்லை. என்ரை வீட்டிலையும் வருத்தக்காரர் இருக்கினம், அதுதான் சொன்னனான். வறண்ட இடத்துக்குக் குரோட்டன் காணாதோ? அதுவும் கலர் இலைதானே, கிணத்துத் தண்ணியிலை நிக்கும்.

வயல்கரை:
ஆர்.ஓ. நிலையத்திலை வெளியாலை ஓடுற கழிவுத் தண்ணியைக் கேட்டு எடுங்கோ. சும்மா தருவினம்.

பழையவாத்தி:
ஐயையோ, வேண்டாம்! வடிச்செடுத்த உப்பெல்லாம் அந்தத் தண்ணியிலைதான் திரண்டு போகுது. கிணத்துத் தண்ணியை விட மோசம்.

சோளகம்:
எல்லாரும் தண்ணியைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள். ஓரம் கருகிறது தண்ணியாலை இருக்கலாம். குழல் மாதிரிச் சுருளுறது காத்தாலை. முன் விறாந்தை தென்மேற்குப் பக்கமோ? சோளகக் காத்து அடிக்கிற நேரம் துணியே அரை மணித்தியாலத்திலை காயுது, அந்த இலை என்ன பாடு படும்! இலைக்குக் கீழை மெல்லிய வலை இருக்கோ எண்டும் பாருங்கோ. காஞ்ச காத்துக்குச் சிலந்திப்பூச்சி வரும்.

பழையவாத்தி:
காத்து ரெண்டாவது. முதல் தண்ணி.

சோளகம்:
ஐயா, என்ரை கலாத்தியா ஆர்.ஓ. தண்ணி குடிச்சுக்கொண்டே விறாந்தையிலை சுருண்டது. அறைக்குள்ளை எடுத்து வைச்ச பிறகுதான் நிமிந்தது. கண்ணாலை கண்டதைச் சொல்லுறன்.

பரந்தன்கடை:
சண்டை பிடியாதேங்கோ. கடையிலை ஏசியாலை ஒழுகிற தண்ணியை நான் கானிலை பிடிச்சுத்தான் என்ரை கண்டுகளுக்கு விடுறன். அதிலை சுண்ணாம்பும் இல்லை, உப்பும் இல்லை. செட்டிகுளத்துத் தம்பிக்கும் மனம் நோகாது. முதல்தரம் சாடி அடியாலை நல்லா வடிஞ்சு ஓடுற மட்டும் ஊத்துங்கோ, மண்ணிலை தேங்கின உப்புக் கழுவுப்படும். பிறகு மேல்மண் காயத் தொடங்கேக்கை மட்டும் விடுங்கோ. அடித்தட்டிலை தண்ணி தேங்க விடாதேங்கோ, வேர் அழுகிப்போகும்.

செட்டிகுளம்:
அது நல்ல யோசினை அண்ணை.

மாங்குளத்தான்:
பிள்ளையைக் காணேல்லை. என்ன நடந்தது?

(3 கிழமைக்குப் பிறகு)

கிளிநொச்சிப்பிள்ளை:
மன்னிக்கோணும், அம்மாவோடை திரும்பக் கிளினிக் அலைச்சல். வலை ஒண்டும் இல்லை. சாடியைக் குசினிப் பக்க அறைக்குள்ளை தண்ணிக்குடத்துக்குக் கிட்ட வைச்சிட்டன். பக்கத்துக் கடையிலை ஏசித் தண்ணி தருகினம். புது இலை ஒண்டு குழலா வந்து நேற்று விரிஞ்சது, ஓரம் கருகேல்லை. அம்மா கூப்பிட்டுக் காட்டினவ. கருகின பழைய இலையளை வெட்டலாமோ?

பழையவாத்தி:
கருகினது திரும்பப் பச்சையாகாது. பாதிக்கு மேலை கருகினதை மட்டும் காம்போடை அடியிலை வெட்டுங்கோ. மற்றது நிக்கட்டும், கண்டுக்குச் சாப்பாடு அதாலைதான்.

சோளகம்:
அறைக்குள்ளை எடுத்து வைச்சதாலைதான் இலை விரிஞ்சது எண்டதையும் சொல்லுங்கோ ஐயா.