புதுப்பிப்பு: ஜாகுவார் எக்ஸ்கே8-க்கு கேஸ் மாட்டியாச்சு

இங்கிலாந்தில் என் பழைய ஜாகுவார் எக்ஸ்கே8-ஐ எல்பிஜிக்கு மாற்றலாமா என்று கேட்டிருந்தேனே, மாற்றியாகிவிட்டது. ஸ்டெப்னி இருந்த குழியில் வடை மாதிரி வட்டமான டேங்க். 80 சதவீதம் நிரம்பியதும் வால்வு அடைத்துக்கொள்ளும், சூட்டில் திரவம் விரிய இடம் வேண்டுமல்லவா. (பஞ்சர் ஆனால் இனி ஒட்டுப் பசைதான் கதி.) ஸ்டார்ட் ஆவது பெட்ரோலில்தான், கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) சூடானால்தான் ரெடியூசரில் (திரவ எல்பிஜியை அழுத்தம் குறைத்து ஆவியாக்கும் கருவி) கேஸ் ஆவியாகும் என்பதால் கொஞ்ச தூரம் போனதும் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அப்புறம் கேஸ். வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜினின் உறுமல் அப்படியே இருக்கிறது. பெட்ரோலைவிடக் கூடுதல் லிட்டர் குடிக்கிறது, ஆனாலும் வரி குறைவு, விலையும் குறைவு, அதனால் கட்டுப்படியாகிறது. கேஸில் ஓட்டினால் ‘வால்வு சீட் (இன்ஜின் வால்வு மூடும்போது உட்காரும் வளையம்) தேயும்’ என்று எச்சரித்தவர்கள் சொன்னதில் நியாயம் உண்டு, சர்வீஸில் வால்வு இடைவெளியைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். கடுப்பு ஒன்றுதான்: பெட்ரோலிலும் ஓடும் என்றாலும் சரி, இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் இடையே கடலடியில் போகும் சேனல் சுரங்க ரயிலில் எல்பிஜி வண்டியை ஏற்ற மாட்டார்கள், பிரான்ஸ் போக இனி டோவர் கப்பல்தான்.