ஒரு கம்ப்யூட்டர், ஒரு போன் லைன், நடுவில் நான்

எங்கள் வீடு குலசேகரம் பக்கம். 2001-இல் அண்ணனுக்கு இன்ஜினியரிங் சீட் கிடைத்ததும் கம்ப்யூட்டர் வேணும் என்று அவன் ஒற்றைக் காலில் நிற்க, ரப்பர் விலை படுத்துக்கிடந்த அந்தச் சமயத்திலும் அப்பா எப்படியோ பணம் புரட்டி, நாகர்கோவிலில் அசெம்பிள் செய்ததை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். பென்டியம் 3, 64 எம்.பி. ராம், விண்டோஸ் 98. முன்அறையில் வைத்து, அம்மா பூ பின்னிய மேசைவிரிப்பைப் போர்த்தி, காலைக் கழுவிவிட்டு வந்தால்தான் தொடலாம் என்று சட்டமும் போட்டாச்சு.

அண்ணன் இருக்கும்போது யாரும் கிட்டே போக முடியாது. கேட்டால் புராஜெக்ட் என்பான், எட்டிப் பார்த்தால் கார் ரேஸ் ஓடிக்கொண்டிருக்கும். ராத்திரி நெட் போடுவது அதைவிடக் கூத்து. விடியும் முன் ரப்பர் பால் வெட்டப் போகிற அப்பா எட்டரைக்கே படுத்துவிடுவார், போன் லைன் வழியாக நெட்டை இணைக்கும் மோடம் 172233-க்கு டயல் செய்து கீச்சுக் கீச்சென்று கத்தத் தொடங்கும், அண்ணன் பதறிப்போய் போர்வையை எடுத்து சி.பி.யு. மேல் போட்டு அமுக்கிக்கொண்டு நிற்பான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போன் பில் வரும். 3 நிமிடத்துக்கு ஒரு கால் என்ற கணக்கை அப்பா விரல்விட்டு எண்ணுவார். எண்ணி முடிக்கும்வரை நாங்கள் யாரும் வீட்டுக்குள் இருக்க மாட்டோம்.

சரி, எனக்கு எப்படி நேரம் கிடைத்தது என்றால், அது பக்கத்து வீட்டு மைனியால். அண்ணியை எங்கள் ஊரில் மைனி என்போம். அவர் வீட்டுக்கார அண்ணன் மஸ்கட்டில் இருந்தார். கடிதம் வந்து சேர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், ஐ.எஸ்.டி. பேசக் காசு போதாது. அவர் கம்பெனியில் மெயில் வசதி வந்ததும் எங்கள் வீட்டு ஐ.டி.யை வாங்கிக்கொண்டார். வீட்டுக்கே ஒரே ஐ.டி.தான், அதுவும் ஹாட்மெயில், மொத்தமே 2 எம்.பி. எனக்கு அப்போது பதிமூன்று வயசு. மைனி சொல்லச் சொல்ல தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பேன். முதலில் நெட் இல்லாமல் நோட்பேடில் அடித்து வைத்துவிட்டு, பிறகு கனெக்ட் செய்து ஒட்டி அனுப்பினால் பில் மிச்சம். அதை நான்தான் கண்டுபிடித்தேன் என்று இன்றுவரை எனக்கொரு பெருமை.

மைனி சாயங்காலம் வருவார். ஸ்டூலில் உட்கார்ந்து, சுகம், பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுட்டு, பசு சினையா இருக்கு என்று வரிசையாகச் சொல்லிவிட்டு நிறுத்துவார். அப்புறம் மெதுவாக, "அம்மெ நேத்தும் சண்டைக்கு வந்தாவ... அது எழுதண்டாம் மக்களே" என்பார். எழுத மாட்டேன். மறுநாள் பகலில், மைனி புல்லறுக்கப் போன நேரம் பார்த்து அவர் மாமியார் வருவார். அதே ஸ்டூல், அதே மகன். ஆனால் இவர் எதையும் நிறுத்த மாட்டார். "ஒம் பொண்டாட்டிக்கு வாய் கூடிப்போச்சு, எழுது" என்பார். நான் "அம்மாவும் மைனியும் சுகம்" என்று அடித்துவிட்டு, எழுதியாச்சு பாட்டி என்பேன். ஸ்கிரீனில் இருப்பது ஆங்கில எழுத்து, அவருக்கு என்ன தெரியப்போகிறது!

பதில் வரும்போது இருவரும் சேர்ந்தே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். நான் கண்ணால் ஒரு வரி முன்னே ஓடி, வாயால் ஒரு வரி பின்னே வாசிப்பேன். இடிக்கிற வரி வந்தால் முழுங்கிவிட்டுத் தாண்டிப் போவேன். ஒருமுறை மஸ்கட் அண்ணன் போட்டோ அனுப்பியிருந்தார். அந்த வேகத்தில் அது மேலிருந்து பட்டை பட்டையாகத்தான் இறங்கும். முதலில் சுவர், அப்புறம் ஒரு மின்விசிறி, பிறகு நெற்றி. நெற்றியோடு கனெக்‌ஷன் அறுந்துவிட்டது. "முடி கொட்டிப்போச்சே" என்று மைனியும் மாமியாரும் ஒரே குரலில் சொன்னது அன்று மட்டும்தான்.

ஐப்பசியில் ஒருநாள், இடி விழுகிற மாதிரி வானம் கருத்துக் கிடந்தது. இடி வந்தால் முதல் வேலையாக மோடத்திலிருந்து போன் வயரைப் பிடுங்கிவிட வேண்டும். அதற்கு முந்தைய வருஷம் பிடுங்க மறந்து மோடம் கருகி, மார்த்தாண்டம் வரை போய் வேறு கார்டு வாங்கிப் போட்டிருந்தோம். அந்த அவசரத்தில் மெயிலைத் திறந்தேன், கண்ணை முன்னே அனுப்ப மறந்து கடகடவென்று வாசித்தேன்: "அம்மா சொல்லுறதைக் கண்டுக்காத. நான் வந்ததும் தெக்குப் பக்கமா தனி வீடு வச்சுருலாம்."

பாட்டி அங்கேயேதான் இருந்தார்.

மைனி என்னைப் பார்த்த பார்வை இப்போதும் ஓர்மை இருக்கிறது. பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. முந்தியை உதறிச் செருகிக்கொண்டு மழையோடு இறங்கிப் போய்விட்டார். அடுத்து வந்தது வெள்ளிக்கிழமை, மஸ்கட்டில் லீவு, அண்ணன் எங்கள் போனுக்குக் கூப்பிடும் நாள். அன்று நெட் போடக் கூடாது என்று வீட்டில் ஏற்கெனவே ஒப்பந்தம். என் அண்ணனோ ஏதோ பாட்டு டவுன்லோடு செய்கிறேன் என்று இரண்டு மணி நேரம் லைனைப் பிடித்துவைத்திருந்தான். எங்கேஜ்டு, எங்கேஜ்டு. மைனி வாசல் படிப்புரையில் பிள்ளையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனார். நான் அண்ணன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன், அவன் திருப்பி வைத்தான், கடைசியில் இருவருக்கும் அம்மாவிடம் கிடைத்தது.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தால் ஸ்டூலில் பாட்டி.

"எழுது. நான் சொல்லுறத மட்டும் எழுது. நீ ஒண்ணும் விடுகதும் சேக்கதும் வேண்டாம்."

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. இத்தனை நாளும் தெரிந்துதான் இருந்திருக்கிறார்.

"தெக்குப் பக்கம் வீடு வைக்கண்டாம். அங்க அடியில பாற. அஸ்திவார வாணம் தோண்டவே பாதிக் காசு போயிரும். கெணத்துக்குக் கிழக்கால வை. அவளுக்கு வெள்ளம் கோரக் கிட்ட இருக்கும்."

அடித்துவிட்டு, நானாகவே ஒருமுறை முழுதும் வாசித்துக் காட்டினேன். பாட்டி தலையை ஆட்டினார். வெளியே லேசாக இடி உருண்டது. "அனுப்பிட்டு வயரைப் புடுங்கு மக்களே" என்றார்.