டிஸ்னி கல்லூரித் திட்டம்: வினாத்தாளில் நடுக்கட்டத்தைத் தொட்டால் கதை முடிந்ததா?

கணக்குப்பிள்ளை:
நேற்று வேறோர் இழையில் மேப்பிள்மரம் அம்மையார் எழுதியிருந்ததைப் படித்த எரிச்சலில் இதைத் தொடங்குகிறேன். ஃபுளோரிடாவில் வால்ட் டிஸ்னி வேர்ல்டு நடத்தும், கல்லூரி மாணவர்களைச் சில மாதங்கள் பூங்கா வேலையில் அமர்த்தும் கல்லூரித் திட்டத்துக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கு அவர் அருளிய உபதேசம் இது: "இணையவழி வினாத்தாளில் முழுமையாக உடன்படுகிறேன், முழுமையாக மறுக்கிறேன் என்ற இரண்டை மட்டுமே தொட வேண்டும். இரண்டுக்கும் இடையே, உடன்பாடும் இல்லை மறுப்பும் இல்லை என்னும் நடுக்கட்டத்தை ஒருமுறை தொட்டாலும் கதை முடிந்தது. அதற்குப் பிறகு வரும் நேர்காணல் வெறும் சடங்கு." மகள் தேர்வானதில் அவருக்குப் பெருமை இருக்கலாம், இருக்கட்டும். ஒரு வீட்டில் நடந்ததை ஊருக்கே சட்டமாக்கும் உரிமையை அவருக்கு யார் கொடுத்தார்கள் என்பதே என் கேள்வி.

ஆள் எடுக்கும் வேலையிலேயே தலை நரைத்தவன் நான். இத்தகைய வினாத்தாள்களில் ஒரே செய்தியை வேறு வேறு சொற்களில் திரும்பக் கேட்பார்கள். "புதியவர்களோடு எளிதில் பழகுவேன்" என்று ஓரிடத்தில் வரும். சில பக்கங்கள் கடந்த பிறகு "அறிமுகமில்லாதவரிடம் நானாகப் பேசத் தயங்குவேன்" என்று வரும். வேகவேகமாக முனைகளையே அழுத்திக்கொண்டு போகிறவன் இரண்டுக்கும் முழுமையாக உடன்பட்டு மாட்டிக்கொள்வான். நடுக்கட்டம் ஒன்றை வைத்திருப்பது தொடுவதற்குத்தான், அழகுக்கு அல்ல.

மேப்பிள்மரம்:
ஐயா, என்னிடம் அறிவுரை கேட்டவர்களுக்கு நான் பதில் சொன்னேன். உங்களிடம் யாரும் கேட்கவில்லை. என் மகள் நடுக்கட்டத்தைத் தொடவில்லை, தேர்வானாள். அவளுடைய தோழியும் தொடவில்லை, அவளும் தேர்வானாள். தொட்டவர்களுக்கு "இனிப் பரிசீலனையில் இல்லை" என்ற வரிதான் வந்தது. உங்கள் வீட்டிலிருந்து யாராவது இதற்கு விண்ணப்பித்ததுண்டா? இல்லையென்றால், கரையில் நின்றுகொண்டு நீச்சல் கற்றுத்தர வேண்டாம்.

வாசற்படி:
எந்தக் கட்டத்தைத் தொட்டாலும் கையில் கிடைக்கப்போவது துடைப்பம்தான். ரோபாட்டிக்ஸ் படிக்கிற பிள்ளை அரை ஆண்டு படிப்பை ஒத்திவைத்துவிட்டு பர்கர் மடித்துக் கொடுக்கப் போகிறான்; நிறுவனம் வாராவாரம் சம்பளத்திலேயே குடியிருப்பு வாடகையைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருகிறது. இதற்கு இவ்வளவு பெரிய ஆராய்ச்சியா?

கணக்குப்பிள்ளை:
வாசற்படி, வாடகை பற்றி நீங்கள் தனி இழை தொடங்கலாம். இங்கே பேச்சு நடுக்கட்டத்தைப் பற்றி. அம்மையாருக்கு: விண்ணப்பித்தவர் மட்டுமே பேசலாம் என்றால், தேர்தல் பற்றி வேட்பாளர் மட்டும்தான் பேச வேண்டும். இரண்டு பெண்கள் தேர்வானதும் அவர்கள் ஒரு கட்டத்தைத் தொடாததும் ஒன்றாக நிகழ்ந்தன என்பது மட்டுமே உங்களுக்குத் தெரியும். அவ்விருவரும் அன்று காலையில் இட்லி சாப்பிட்டிருந்தால், இட்லியையும் தகுதிப் பட்டியலில் சேர்ப்பீர்களா?

தென்காசித்தூறல்:
துடைப்பம் என்று எழுதிய நண்பருக்கு ஒரு சொல். நான் அந்தத் திட்டத்தில் துப்புரவுப் பிரிவில்தான் இருந்தேன், வெட்கப்படவில்லை. பூங்கா திறந்த சிறிது நேரத்தில், வாளித் தண்ணீரில் துடைப்பத்தை நனைத்து, வெயில் பட்ட தரையில் மிக்கியின் முகத்தை வரைவோம். முதலில் இரண்டு காதுகள், பிறகு முகம், கடைசியில் மூக்கு. மூக்கை முடிப்பதற்குள் ஒரு காது காய்ந்து மறையத் தொடங்கும். சுற்றி நிற்கும் குழந்தைகள் அதைப் பார்த்துக் கூச்சலிடுவார்கள். துப்புரவுக்காரரிடம்தான் எல்லோரும் வழி கேட்பார்கள் என்பதால் பூங்காவின் வரைபடம் முழுவதும் எங்களுக்குத் தலைகீழ்ப் பாடம். ஒற்றை விரலை நீட்டி வழி காட்டக் கூடாது, இரண்டு விரலாலோ உள்ளங்கை விரித்தோதான் காட்ட வேண்டும். எனக்கு அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

இன்னொன்று. நான் வினாத்தாளில் நடுக்கட்டத்தைத் தொட்டேன். சில இடங்களில் தொட்டேன். தேர்வானேன்.

கணக்குப்பிள்ளை:
மேலே உள்ள கடைசி வரியை அம்மையார் உரக்கப் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மேப்பிள்மரம்:
எந்த ஆண்டு என்று அந்தத் தங்கை சொல்லவில்லையே. பழைய காலக் கதையை இன்றைய பிள்ளைகளிடம் சொல்வது சரியா?

தென்காசித்தூறல்:
விஸ்டா வே குடியிருப்பு இருந்த காலம், அக்கா. 2020 மார்ச்சில் கொரோனாவால் திட்டத்தை நிறுத்தி, குடியிருப்பிலிருந்த மாணவர்களை அனுப்பிவைப்பதற்கு முன்பு.

மேப்பிள்மரம்:
அதைத்தான் சொன்னேன். 2021 ஜூனில் திட்டம் மீண்டும் தொடங்கியபோது விஸ்டா வேயும் இல்லை, சாத்தம் ஸ்கொயரும் இல்லை. எல்லோரும் ஃபிளமிங்கோ கிராசிங்ஸ் என்ற புதிய வளாகத்துக்குப் போனார்கள். குடியிருப்பே மாறிவிட்டது, வினாத்தாள் மாறாதா?

கணக்குப்பிள்ளை:
அருமையான தர்க்கம். வீடு மாறியதால் வினாத்தாளும் மாறியது. வினாத்தாள் மாறியதால் நடுக்கட்டம் நஞ்சானது! வினாத்தாள் மாறியது என்றால் அம்மையாரின் விதியும் அதனோடு செல்லாமல் போயிருக்க வேண்டுமே, அது மட்டும் எப்படி வாடாமல் நிற்கிறது? பருவத்துக்குப் பருவம் தேர்வுப் படிகளை மாற்றிக்கொள்ளும் ஒரு நிறுவனத்தைப் பற்றி "ஒருமுறை தொட்டாலும்" என்று அறுதியிட்டுச் சொல்வது பொறுப்பற்ற பேச்சு.

மீசைக்காரன்:
நடுக்கட்டம் கிடக்கட்டும். இந்த டிஸ்னி பூங்காக்களில் 2000ஆம் ஆண்டு வரை ஊழியர்கள் மீசை வைக்கக் கூடாது என்று விதி இருந்தது, தெரியுமா? நிறுவனர் வால்ட் டிஸ்னிக்கே மீசை உண்டு! தனக்கு ஒரு நீதி, ஊழியனுக்கு ஒரு நீதி. என் மீசையை எடுக்கச் சொல்லும் இடத்தில் எனக்கு எந்தக் கட்டமும் தேவையில்லை.

கணக்குப்பிள்ளை:
மீசைக்காரரே, பாதியைச் சொல்லி நிறுத்திவிட்டீர்கள். 2012இல் கத்தரித்த தாடிக்கும் அனுமதி வந்தது. 2021இல் கண்ணுக்குத் தெரியும்படி பச்சை குத்தியிருப்பதற்கும் அனுமதி வந்தது, முகம், கழுத்து நீங்கலாக. உங்கள் மீசைக்கு அங்கே ஆபத்து நீங்கி வெகுகாலம் ஆகிறது. இப்போது சொல்லுங்கள், நடுக்கட்டத்துக்கும் உங்கள் மீசைக்கும் என்ன உறவு?

மீசைக்காரன்:
தகவலுக்கு நன்றி. ஆனால் நான் சொன்னது கொள்கை பற்றியது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தடை இருந்ததா இல்லையா?

வாசற்படி:
கணக்குப்பிள்ளைக்கு எல்லாம் தெரிகிறது, அந்த வேலை படிப்புக்கு எப்படி உதவும் என்பதைத் தவிர.

கணக்குப்பிள்ளை:
அதுவும் தெரியும். அங்கே நடத்தும் சில வகுப்புகளுக்குக் கல்லூரி மதிப்பெண் தரலாம் என்று அமெரிக்கக் கல்விக் கழகம் பரிந்துரைத்திருக்கிறது. ஏற்பதும் மறுப்பதும் அவரவர் பல்கலைக்கழகத்தின் விருப்பம். எனவே பிள்ளை புறப்படுவதற்கு முன்பே துறை ஆலோசகரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிட வேண்டும். எந்தப் பாடப்பிரிவு மாணவரும் விண்ணப்பிக்கலாம், ரோபாட்டிக்ஸ் உட்பட. போதுமா? இனி நடுக்கட்டத்துக்கு வருவோம்.

மேப்பிள்மரம்:
வருவோம். நீங்கள் ஏட்டைப் படித்துவிட்டுப் பேசுகிறீர்கள், நான் கண்ணால் பார்த்தேன். தொலைபேசி நேர்காணலுக்கு என் மகள் நாற்காலியில் உட்காரவே இல்லை. அறைக்கதவைச் சாத்திவிட்டு நிலைக்கண்ணாடிக்கு எதிரே நின்றாள். முகத்தில் சிரிப்பு இருந்தால் குரலிலும் இருக்கும் என்பதற்காக. எந்தெந்தப் பணிக்கு "அதிக விருப்பம்" என்று குறித்திருந்தாளோ அந்தப் பட்டியலைக் கண்ணாடி ஓரத்தில் ஒட்டியிருந்தாள். ஏன் டிஸ்னி என்று கேட்டார்கள். அடுத்து, கூட்டத்தில் ஒரு குழந்தையின் ஐஸ்கிரீம் கீழே விழுந்து அது அழுதால் என்ன செய்வாய் என்று கேட்டார்கள். "முதலில் யாரும் அதில் வழுக்கி விழாதபடி அந்த இடத்தை மறித்து நிற்பேன், பிறகு குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து பேசுவேன்" என்றாள். கதவுக்கு வெளியே நின்ற எனக்கே கண் கலங்கியது.

கணக்குப்பிள்ளை:
மிக நல்ல விடை. அந்தப் பெண்ணை மனமாரப் பாராட்டுகிறேன். பாதுகாப்பு, பணிவு, காட்சி, திறன் என்று அந்த நிறுவனம் பல்லாண்டுகளாகச் சொல்லிவரும் வரிசையில் பாதுகாப்புதான் முதலில் வரும். பிற்பாடு அனைவரையும் அரவணைத்தல் என்பதை ஐந்தாவதாகச் சேர்த்தபோதும் பாதுகாப்பின் முதலிடம் மாறவில்லை. அந்த வரிசையை உங்கள் மகள் தன் விடையிலேயே காட்டிவிட்டாள்.

ஆனால் அம்மையாரே, நேர்காணல் வெறும் சடங்கு என்று எழுதியவர் நீங்கள்தானே? கண்ணாடி, ஒட்டிய பட்டியல், குழந்தை, ஐஸ்கிரீம், உங்கள் கண்ணீர் எல்லாம் சடங்குக்கா? அவள் தேர்வானது இந்த விடையாலா, தொடாத நடுக்கட்டத்தாலா? இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள்.

மேப்பிள்மரம்:
நடுக்கட்டத்தைத் தொட்டிருந்தால் நேர்காணலே வந்திருக்காது. இது புரிய முனைவர் பட்டம் தேவையில்லை.

தென்காசித்தூறல்:
எனக்கு வந்ததே, அக்கா.

மேப்பிள்மரம்:
விஸ்டா வே காலத்தில் வந்தது.

புதுவரவு2:
எல்லோருக்கும் வணக்கம். என் அக்கா மகள் கோயம்புத்தூரில் பி.எஸ்சி. படிக்கிறாள். அவள் இதற்கு விண்ணப்பிக்க முடியுமா? நடுக்கட்டத்தைத் தொட வேண்டாம் என்று சொல்லி வைக்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
முதலில், அப்படிச் சொல்லி வைக்காதீர்கள். இரண்டாவது, இந்தத் திட்டம் அமெரிக்கக் கல்லூரிகளில் பதிவு செய்த மாணவர்களுக்கானது. வெளிநாட்டினருக்குத் தனி வழிகள் உண்டு. அவற்றுள் ஒன்று, டிஸ்னி வேர்ல்டின் எப்காட் பூங்காவில் நாடுகளின் அரங்குகளில் அந்தந்த நாட்டு இளைஞர்களையே அமர்த்தும் பண்பாட்டுப் பிரதிநிதித் திட்டம். அப்படி வருபவர்களுக்கென 1990ஆம் ஆண்டு அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தால் பிறந்த கியூ விசாவுக்கு டிஸ்னி விசா என்றே பட்டப்பெயர் உண்டு; அதில் அதிகபட்சம் 15 மாதங்கள் தங்கலாம். ஆனால் எப்காட்டில் உள்ள 11 அரங்குகளில் இந்தியா இல்லை.

மீசைக்காரன்:
இந்தியா இல்லையா? நார்வேக்கு அரங்கு இருக்கிறது, நூறு கோடிக்கு மேல் மக்கள் உள்ள நாட்டுக்கு இல்லையா? இதைப் பற்றியல்லவா நாம் பேச வேண்டும்?

தென்காசித்தூறல்:
அங்கேயே இன்னொரு பூங்காவான அனிமல் கிங்டமில் ஆனந்தபூர் என்று ஒரு கற்பனை ஊரைக் கட்டி, மகாராஜா காட்டுவழி என்று பெயரிட்டு அதில் புலிகளை விட்டிருக்கிறார்கள். அதோடு மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள், அண்ணா.

மீசைக்காரன்:
புலிக்கும் மீசை உண்டு. அதற்கு எப்போது அனுமதி கொடுத்தார்களாம்?

வாசற்படி:
கணக்குப்பிள்ளை இந்த இழையில் எழுதியதைச் சேர்த்தால் ஒரு சிறுநூல் தேறும். கடந்த ஆண்டு தமிழ்ப்பள்ளி ஆண்டு விழாவில் ஒலிவாங்கியைக் கையில் வாங்கிய பிறகு யார் கீழே இறங்கவில்லை என்பது இங்கே பலருக்கு நினைவிருக்கும்.

கணக்குப்பிள்ளை:
அந்த விழாவில் என் பெயரை நிகழ்ச்சி நிரலிலிருந்து எடுத்தவர் யார் என்பதும் எனக்கு நினைவிருக்கிறது. அதை வேறிடத்தில் பேசலாம். ஆளெடுப்பு வினாத்தாள்களின் வரலாறு தெரியாமல் எழுதுபவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கடைச் சங்கிலிகள் பல யூனிக்ரு என்ற நிறுவனத்தின் ஆளுமை வினாத்தாளை ஒருகாலத்தில் பயன்படுத்தின. 2006இல் குரோனோஸ் என்ற நிறுவனம் யூனிக்ருவை வாங்கியது. அந்த வினாத்தாளுக்கும் ஒரு விடைப்பட்டியல் இணையத்தில் சுற்றியது. மனப்பாடம் செய்து அழுத்திய ஆயிரம் பேருக்கிடையே வேறுபாடு காண முடியாதபோது வினாத்தாளே பொருளற்றுப் போகிறது.

மேப்பிள்மரம்:
அந்த விடைப்பட்டியலில் பெரும்பாலான விடைகள் எந்தக் கட்டத்தில் இருந்தன என்பதையும் சொல்லிவிடுங்கள், ஐயா. இரண்டு முனைகளிலும்தானே? நானும் படித்திருக்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
அது யூனிக்ரு. நாம் பேசுவது டிஸ்னி.

மேப்பிள்மரம்:
உங்களுக்குச் சாதகமாக இருந்தவரை இரண்டும் ஒன்றாக இருந்தன.

கணக்குப்பிள்ளை:
நான் எடுத்துக்காட்டியது பட்டியல் சுற்றும் பழக்கத்தை. அதிலிருந்த விடைகளை அல்ல. வேறுபாடு தெரியாதவரிடம் வாதிடுவது என் தவறு என்று சொல்லத் தோன்றுகிறது; ஆனால் என்னிடம் தவறு இல்லை. தங்கை தென்காசித்தூறல் நடுக்கட்டத்தைத் தொட்டார், தேர்வானார். இதற்கு அம்மையாரிடமிருந்து இதுவரை பதில் இல்லை.

மேப்பிள்மரம்:
பதில் மூன்று முறை சொல்லியாயிற்று. விஸ்டா வே காலம். ஞாயிற்றுக்கிழமை என் மகளையே எழுத வைக்கிறேன். அடுத்த பருவத்துக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் அந்த இழைக்கு வரலாம். நடுக்கட்டம் பற்றிய பத்தி முதலிலேயே இருக்கும்.

கணக்குப்பிள்ளை:
அந்தப் பத்திக்குக் கீழே முதல் மறுமொழி என்னுடையதாக இருக்கும்.