Re: ‘ஐயத்தொடக்கம்’ சரியா? எனக்கென்னவோ ‘கணக்கில் வராத மறுதொடக்கம்’

> சர்வர்களில் சேவைகள் சந்தேகத்திற்கிடமாக மறுதொடக்கம் ஆவதை ‘ஐயத்தொடக்கம்’ என்று சுருக்கலாமா?

சுருக்கம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஐயம் நமக்கு வருவது, பதிவில் இருப்பதல்ல. ஆடிட் லாக்கைத் (சர்வரில் எப்போது என்ன நடந்தது என்று எழுதிவைக்கும் பதிவு) திறந்தால் அங்கே ஐயம் என்று ஒரு புலமும் கிடையாது. ரெட் ஹேட் வகை லினக்ஸில் எஸ்எஸ்ஹெச் சேவையை (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவுவது) ரீஸ்டார்ட் செய்தால் ஒரு சர்வீஸ் ஸ்டாப் வரி, அடுத்து ஒரு சர்வீஸ் ஸ்டார்ட் வரி. இரண்டிலும் பிஐடி (செயல்முறை எண்) 1, யுஐடி (பயனர் எண்) 0, அதாவது முழு அதிகாரமுள்ள ரூட், ஏயுஐடி (முதலில் லாகின் செய்தவரின் எண்) 4294967295, கடைசியில் சக்சஸ். அவ்வளவுதான்.

அந்தப் பத்து இலக்க எண்ணைப் பார்த்து முதல்முறை எல்லோரும் மிரளுவார்கள். 32 பிட்டில் கழித்தல் ஒன்றைக் குறியில்லாத எண்ணாக எழுதினால் வருவது அது. யாரும் லாகின் செய்து வரவில்லை என்று பொருள். ரீஸ்டார்ட் செய்யச் சொன்னது மனிதராகவே இருந்தாலும் செய்து முடிப்பது சிஸ்டம்டி (சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் நிரல், பிஐடி 1 அதுதான்) என்பதால், யார் சொன்னார்கள் என்பது இந்த வரியில் ஒருபோதும் வராது. ஆகவே இந்த வரியை மட்டும் வைத்து நல்லது எது, கெட்டது எது என்று பிரிக்கவே முடியாது.

பிறகு எப்படிப் பிரிக்கிறோம்? அதே நேரத்தில் வேறு எங்காவது காரணம் எழுதியிருக்கிறதா என்று தேடுகிறோம். சேவை தானாக விழுந்திருந்தால் ஸ்டாப் வரியில் சக்சஸுக்குப் பதில் ஃபெயில்டு இருக்கும். நினைவகப் பிழையில் செத்திருந்தால் அதற்கென்று தனிப் பதிவே வரும். அப்டேட் என்றால் தொகுப்பு மேலாளரின் லாக்கில் அந்த நேரம் இருக்கும். யாராவது சூடோ (ரூட் அதிகாரத்தில் கட்டளை இயக்க உதவுவது) போட்டுச் செய்திருந்தால் சூடோவின் பதிவில் அவருடைய ஏயுஐடி இருக்கும், ரூட்டாக மாறினாலும் மாறாமல் கூடவே வரும் எண் அது (இதற்கு ‘முதல்நுழைவு எண்’ என்று முன்மொழிகிறேன், முடிந்தால் இதே இழையில் முடித்துவிடலாம்). முன்பே ரூட் ஷெல்லுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு கட்டளை அடித்தால் சூடோ பதிவு இராது. அதற்கு, இயக்கப்படும் கட்டளைகளைப் பதியும் எக்ஸெக்வி விதி முன்கூட்டியே போட்டு வைத்திருக்க வேண்டும்.

இத்தனையிலும் தேடி எதிலும் ஒட்டாமல் மிஞ்சி நிற்கிறதே, அந்த ஸ்டாப்-ஸ்டார்ட் ஜோடிக்குத்தான் நமக்குப் பெயர் வேண்டும். ரெய்டு செய்தியில் ‘கணக்கில் வராத பணம்’ என்று எழுதுகிறார்கள் இல்லையா, அதே பொருள்தான்: பொருள் கையில் இருக்கிறது, கணக்கு இல்லை, திருட்டுப் பணம் என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. அதனால் ‘கணக்கில் வராத மறுதொடக்கம்’. நீளம் என்பீர்கள். நீளம்தான், ஆனால் இரவு ஷிப்டில் இருப்பவருக்கு விளக்கம் தேவைப்படாது. ‘ஐயத்தொடக்கம்’ என்றால் ஐயம் தொடங்குவது என்றுகூடப் படிப்பார்கள்.

ஆடிட் லாக்கைத் தமிழில் ‘தணிக்கைப் பதிவு’ என்கிறோமே, அந்தத் ‘தணிக்கை’ பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் ஆடிட்டுக்கும் சினிமா சென்சாருக்கும் ஒரே சொல்லை வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறோம். இலங்கையில் ஆடிட் என்றால் கணக்காய்வு, தணிக்கை என்றால் சென்சார், தெளிவாகப் பிரித்துவிட்டார்கள். லாக்கை ஒருவர் அழித்துவிட்ட கதையை ‘தணிக்கைப் பதிவு தணிக்கை செய்யப்பட்டது’ என்று எழுத நேரும் நாளை யோசித்துப் பாருங்கள். என் ஓட்டு ‘கணக்காய்வுப் பதிவு’க்கு. ‘கணக்கில் வராத’ என்பதோடு அது சேர்ந்தும் போகிறது.

அப்புறம், இந்த ஆடிட் லாக்கை எழுதும் ஆடிட்-டி சேவையையே சிஸ்டம்சிடிஎல் (சிஸ்டம்டிக்கு உத்தரவிடும் கட்டளை) மூலம் நிறுத்தவோ ரீஸ்டார்ட் செய்யவோ போனால் மறுத்துவிடும், வழக்கமாகப் பழைய ‘சர்வீஸ்’ கட்டளையில் செய்வார்கள். காரணம் மேலே சொன்னதேதான்: சிஸ்டம்டி இடையில் வந்தால் நிறுத்தியவரின் முதல்நுழைவு எண் தொலைந்துவிடும்.

ரீலோடை (சேவையை நிறுத்தாமல் அமைப்பை மட்டும் மீண்டும் படிக்கச் செய்வது) இதில் சேர்க்க வேண்டாம். எஸ்எஸ்ஹெச் அமைப்புக் கோப்பை மாற்றிவிட்டு ரீலோட் மட்டும் கொடுத்தால் மாற்றம் நடைமுறைக்கு வந்துவிடும், ஆனால் ஸ்டாப்பும் வராது ஸ்டார்ட்டும் வராது. அதைப் பிடிக்கக் கோப்பின் மீதே கண்காணிப்பு விதி போட வேண்டும், வழியே வேறு. ‘மீளேற்றம்’ என்று தனி இழை தொடங்குங்கள், அங்கே வருகிறேன்.