ஏட்டையா மயங்கி விழுந்த எபிசோட்

கொக்கிரகுளம் வீடு, குடும்பக் குழு
ஞாயிறு காலை

வள்ளி: நேற்று ராத்திரி அந்தச் சின்ன ஊர் காமெடித் தொடரை யாரெல்லாம் பார்த்தீர்கள்? முழு எபிசோடும் பயத்தைப் பற்றித்தான். பேய், பிசாசு இல்லை. நம் வீட்டில் தினமும் இருக்கிற பயங்கள்.

செல்வி சித்தி: பார்த்தோம் வள்ளி. பள்ளிக்கூடத்தில் ரத்ததான முகாம். ஊரே நடுங்குகிற ஏட்டையா முதல் ஆளாகச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வருகிறார். நர்ஸ் ஊசி உறையைப் பிரிக்கிற சத்தம் கேட்டதுமே பெஞ்சோடு சரிந்துவிட்டார்.

பேச்சிமுத்து பெரியப்பா: டீக்கடைக்காரர் கல்லாப்பெட்டிக்குள் பஞ்சாங்கம் வைத்திருந்தாரே, பல்லி விழுந்தால் பலன் பார்க்க. அம்மா ஞாபகம்தான் வந்தது.

மாரி: ஆச்சி சொல்லச் சொல்ல நான் அடிக்கிறேன். "பல்லி விழுந்தால் தலைக்குக் குளித்துச் சாமி கும்பிட்டால் மனசு சரியாகிவிடும். அதற்குப் பயம் என்று ஏன் பெயர் வைக்கிறீர்கள்?"

மாரி: இனி நான் சொல்வது: வீட்டுப் பல்லிக்கு விஷமே கிடையாது. சாப்பாட்டில் விழுந்தால் கொட்டிவிட வேண்டும், அது கிருமிக்காக.

இசக்கி அத்தை: எனக்கு அந்த டீச்சரம்மா கதைதான் மனசில் நிற்கிறது. ராத்திரி பத்து மணிக்கு மேல் போன் அடித்தால் எடுக்க மாட்டாள். பெயரைக்கூடப் பார்க்காமல் தலையணைக்கு அடியில் தள்ளிவிடுவாள். அம்மா செத்த சேதி அப்படி ஒரு ராத்திரிதானே வந்தது அவளுக்கு. எனக்கும் நேரங்கெட்ட நேரத்தில் போன் வந்தால் நெஞ்சு அடைக்கும்.

கோமதி: எனக்குப் பிடித்தது ஏட்டையாவை யாரும் கேலி பண்ணாததுதான். நான் ரத்தம் எடுக்கிற லேபில் வாரத்துக்கு ஒருவராவது அப்படிச் சரிவார்கள். பெரும்பாலும் வாட்டசாட்டமான ஆம்பிளைகள். கூட வந்தவர்கள் சிரிப்பார்கள். எனக்குக் கோபம் வரும். அது தைரியக் குறைச்சல் இல்லை, உடம்பு செய்கிற வேலை.

மாரி: எப்படி?

கோமதி: நாயைப் பார்த்துப் பயந்தால் நெஞ்சு படபடக்கும், பிரஷர் ஏறும். அதனால் பொதுவாக மயங்க மாட்டோம். ரத்தம், ஊசி விஷயத்தில் மட்டும் சிலருக்கு முதலில் ஏறி, உடனே சரசரவென்று இறங்கிவிடும். மூளைக்குப் போகிற ரத்தம் குறையும். காது அடைக்கும், வியர்க்கும், கண் இருட்டும். அப்புறம் ஆள் கீழே. அம்மா அப்பாவுக்கு இருந்தால் பிள்ளைக்கும் இருப்பது சகஜம். தொடரில் ஏட்டையாவைப் படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பிடித்தார்கள் பாருங்கள், அது சரியான முறை. நிறைய இடத்தில் தூக்கி உட்காரவைத்து முகத்தில் தண்ணீர் அடிப்பார்கள். உட்காரவைக்கக் கூடாது.

செல்வி சித்தி: கோமதி, இதைக் கேட்கத்தான் காத்திருந்தேன். இவியளுக்கு டாக்டர் சுகர் டெஸ்ட் எழுதிக் கொடுத்த சீட்டு ஃபிரிட்ஜ் மேல் டப்பாவில் மடித்தபடியே கிடக்கிறது. கேட்டால் கடையில் வேலை, அடுத்த வாரம் என்கிறாவ.

பேச்சிமுத்து பெரியப்பா: ஏல சண்முகம், அப்பாவுக்கே சுகர் இருந்தது. நமக்கெல்லாம் பார்த்தே ஆகணும்.

சண்முகம் சித்தப்பா: தெரியும் அண்ணன். ஊசி என்றாலே எனக்கு அந்த ஏட்டையா மாதிரிதான். பஞ்சில் தேய்க்கிற ஸ்பிரிட் வாசம் வந்ததுமே காது அடைக்கும். ஐம்பது வயது ஆளுக்கு இதை வெளியே சொல்ல முடியுமா?

கோமதி: சின்ன மாமா, சொன்னதே பெரிய விஷயம். கேளுங்கள். இதற்கென்றே ஒரு பயிற்சி இருக்கிறது. சுவீடன் நாட்டு மனநல நிபுணர்கள் இந்த மயக்கத்துக்காகவே உருவாக்கியது. உட்கார்ந்துகொண்டு கை, கால், வயிறு மூன்றையும் நன்றாக இறுக்குங்கள். 10 முதல் 15 விநாடி. முகத்தில் லேசாகச் சூடு ஏறும், பிரஷர் ஏறுகிறது என்று அர்த்தம். அப்புறம் விடுங்கள். முழுசாகத் துவள வேண்டாம், சாதாரணமாக உட்கார்ந்தால் போதும். அரை நிமிஷம் கழித்து மறுபடி. ஒரு தடவைக்கு ஐந்து முறை என்று தினமும் வீட்டிலேயே பழகுங்கள். ஊசி போடும்போது, போடுகிற கையை மட்டும் தளர்த்திவிட்டு மற்றதை இறுக்கினால் போதும்.

சண்முகம் சித்தப்பா: மூச்சைப் பிடிக்கணுமா?

கோமதி: கூடாது. மூச்சு அது பாட்டுக்குப் போகட்டும்.

வள்ளி: மைனி சொன்னது மயக்கத்துக்கு. பயத்துக்கு எங்கள் பாடத்தில் வருகிற ஒன்றைச் சொல்கிறேன். 1924ல் மேரி கவர் ஜோன்ஸ் என்று ஓர் அம்மா, அமெரிக்க உளவியல் ஆய்வாளர். மூன்று வயதுகூட ஆகாத பீட்டர் என்ற பையனுக்கு முயல் என்றால் அலறல். அவன் பிடித்ததைச் சாப்பிடும் நேரம் பார்த்து, கூண்டில் முயலை அறையின் கோடியில் வைத்தார். பையன் அழாத தூரம். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் கொண்டுவந்தார். கடைசியில் அவனே முயலைத் தடவினான். பிடித்து இழுத்துப்போய் முயல் முன்னால் நிறுத்தவில்லை. நம் ஊரில் அதைத்தானே செய்கிறோம், நீச்சல் தெரியாத பிள்ளையைக் கிணற்றில் தள்ளி. தொடரிலும் டீச்சரம்மாவின் மகள் முதலில் சாயந்திரம், அப்புறம் ஏழு மணி, எட்டு மணி என்று போன் பண்ணிப் பழக்கினாளே, எழுதினவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

இசக்கி அத்தை: மருமகளே, நீ சொல்வது சரி. ஆனால் மழையை அப்படிக் கூண்டில் வைத்துக் கொண்டுவர முடியாதே.

இசக்கி அத்தை: 2023 டிசம்பர் 17ல் வந்த வெள்ளத்துக்குப் பிறகு தூறல் விழுந்தாலே எனக்குத் தூக்கம் கிடையாது. ரேஷன் கார்டு, பட்டா, மாமாவின் பென்ஷன் புத்தகம் எல்லாவற்றையும் பாலித்தீன் கவரில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்துவிடுவேன். விடியும்வரை அப்படியே. ஸ்ரீவைகுண்டத்தில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் இதே கதைதான்.

பேச்சிமுத்து பெரியப்பா: காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டினதே. உங்கள் ஊர் ஸ்டேஷனில் திருச்செந்தூர் ரயில் நின்று, நூற்றுக்கணக்கான சனம் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தது. இங்கே நெல்லையில் ஜங்ஷன் பக்கமும் வண்ணாரப்பேட்டையும் ஆறாகவே ஓடின. பயப்படாமல் என்ன செய்வாய் இசக்கி.

வள்ளி: அத்தை, பத்திரங்களைக் கவரில் போட்டு வைப்பது நல்ல காரியம், அதை விடாதீர்கள். ஒவ்வொரு தூறலுக்கும் ராத்திரி முழுக்க உட்கார்வதைத்தான் மெதுவாகக் குறைக்க வேண்டும். கவரை மாடி அலமாரியில் நிரந்தரமாக வைத்துவிடுங்கள். மழை வந்தால் அணையில் எவ்வளவு திறந்திருக்கிறார்கள் என்று நான் பார்த்துச் சொல்கிறேன். அப்புறம் 14416க்கு ஒருமுறை பேசுங்கள். 2022ல் அரசு தொடங்கின மனநல உதவி எண், காசு கிடையாது, ராத்திரியும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

இசக்கி அத்தை: பைத்தியத்துக்குத்தானே அது?

கோமதி: இல்லவே இல்லை. தூக்கம் வராதவர்கள், பரீட்சைப் பயம் இருக்கிற பிள்ளைகள், எல்லாரும் பேசுகிறார்கள்.

வள்ளி: முதல் தடவை நான் பக்கத்தில் இருக்கிறேன் அத்தை. வெள்ளிக்கிழமை வந்துவிடுகிறேன்.

இசக்கி அத்தை: வா. உனக்குக் கூட்டாஞ்சோறு வைக்கிறேன். பேசிப் பார்ப்போம்.

சண்முகம் சித்தப்பா: கோமதி, சனிக்கிழமை உனக்கு டூட்டி உண்டா?

கோமதி: காலை டூட்டி சின்ன மாமா. ஏழு மணிக்கு வாருங்கள், கூட்டம் இருக்காது. முந்தின ராத்திரி பத்து மணிக்கு மேல் சாப்பிட வேண்டாம், காபியும் கூடாது. தண்ணீர் மட்டும் நன்றாகக் குடித்துவிட்டு வாருங்கள். படுக்கவைத்தே எடுக்கிறேன், ஸ்பிரிட் பாட்டிலை உங்கள் கண்ணில் காட்ட மாட்டேன்.

செல்வி சித்தி: நானும் கூட வருகிறேன். டிபனைத் தூக்குவாளியில் கொண்டுவந்துவிடுகிறேன், எடுத்ததும் சாப்பிடட்டும்.

பேச்சிமுத்து பெரியப்பா: ஏழு மணிக்கா? அப்படியென்றால் எனக்கும் ஒரு சீட்டு போட்டு வை கோமதி.